பதினொரு சொற்கள்

மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த வெண்கரை நாட்டில், மக்களைக் கேட்காமல் மன்னர் எதையும் செய்ததில்லை. கேட்டபின் என்ன செய்தார் என்பது வேறு விஷயம்.

அந்த நாட்டுக்கு மாமதி என்றோர் அறிவு இயந்திரம் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வீடு வாசல் நிலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைச் செவியைப் பொருத்தினார்கள். செவி கேட்பதையெல்லாம் மாமதி எடைபோட்டு, யார் எங்கே இருந்தால் நாட்டுக்கு நல்லது என்று சொல்லும். சொன்னபடி ஆட்களை மாற்றிப் போடுவார்கள்.

நாச்சம்மையின் கணவர் மாயழகுவை அப்படித்தான் கொக்குத்தீவுக் கலங்கரை விளக்கத்துக்கு அனுப்பினார்கள். இருவரும் முப்பது வருடம் சேர்ந்து நிலக்கடலை பயிரிட்டவர்கள். ஆணையில் காரணம் தெளிவாகவே இருந்தது: "இவ்வீட்டில் நாளொன்றுக்குச் சராசரியாகப் பதினொரு சொற்களே பேசப்படுகின்றன. எனவே பிரிவினால் இரு தரப்புக்கும் இழப்பில்லை."

மாமதி பொய் சொல்லவில்லை. "சாப்பிடலாமா", "ம்", "மழை வரும்போல", "வரட்டும்" என்பதோடு அந்த வீட்டில் அன்றைய பேச்சு ஏறக்குறைய முடிந்துவிடும். அவர் இருமினால் அவள் வெந்நீர் வைப்பாள். அவள் கடலை உடைக்க உட்கார்ந்தால் அவர் விளக்கை அவள் பக்கம் நகர்த்தி வைப்பார். விளக்கை நகர்த்தும் சத்தத்தில் என்ன இருக்கிறது என்று பித்தளைக்கு எப்படித் தெரியும்?

அவர் போன பிறகு விளக்கு வைத்த இடத்திலேயே இருந்தது. நாச்சம்மை அதை நகர்த்தாமல் அரையிருட்டிலேயே கடலை உடைத்தாள்.

அந்த நேரத்தில்தான் மன்னர் ஓர் அறிவிப்பு விடுத்தார். மாமதி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று நாட்டுக்கு ஒரு கொள்கை வரப்போகிறது, அதை மக்களே வகுக்க வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு பக்க வரைவு தலைநகர் மண்டபத்தில் தூணோடு சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருக்கும். கருத்துச் சொல்ல முப்பது நாள் அவகாசம். நாச்சம்மையின் ஊருக்கு முரசறைகிறவன் வந்தது இருபத்தெட்டாம் நாள். அவள் அன்றைக்கே கட்டுச்சோற்றோடு கிளம்பிவிட்டாள்.

மண்டபத்தில் இரண்டாயிரம் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்தது நாச்சம்மை ஒருத்திதான். மேடையில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த செவித்துறை அமைச்சர் இளங்கடம்பர் எழுந்து கைகூப்பினார்.

"திரண்டு வந்திருக்கும் மக்கள் வெள்ளத்தைக் கண்டு உள்ளம் பூரிக்கிறது!"

நாச்சம்மை திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. "ஐயா, எங்க வீட்டுக்காரர திருப்பி அனுப்பணும். இனிமே யாரையும் பிரிக்கிறதுக்கு முன்னால, ஒரு மனுசன் நேர்ல வந்து ஒரு வார்த்தை கேக்கணும்னு அந்தக் கொள்கையில எழுதணும்."

"உயரிய கருத்து. வரைவின் எந்தப் பக்கம், எந்தப் பத்தியைப் பற்றியது?"

"பக்கமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இது அவரப் பத்தினது."

"அப்படியானால் அது கருத்து ஆகாது அம்மா, குறை. குறைகளுக்குத் தனி அமைச்சர் உண்டு. அந்தப் பதவி பதினாறு ஆண்டுகளாகக் காலியாக இருக்கிறது."

அமைச்சர் கல்நெஞ்சர் அல்லர். அவள் கண் கலங்குவதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு வழி சொல்கிறேன். நாளுக்கு நாற்பது சொல் பேசும் வீட்டை மாமதி பிரிப்பதில்லை. வீட்டில் பேச்சைக் கூட்டுங்கள்."

"யார்கிட்டங்க பேசுறது? அவருதான் இல்லையே."

"ஏன், செவி இருக்கிறதே!"

மண்டபம் காலியாகக் கிடந்த செய்தி மன்னரை வாட்டியது. மக்களுக்குப் பயணச் சிரமம் வேண்டாம், முப்பது நாள் நீட்டிக்கிறோம், அவரவர் வீட்டுச் செவியிடமே கருத்தைச் சொல்லலாம் என்று ஆணையிட்டார். மக்களும் நம்பிச் சொன்னார்கள். மகனை எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்டார்கள், மருமகளைத் திருப்பித் தாருங்கள் என்றார்கள். இவ்வளவு பேச நேரமிருப்போர் ஓய்வு மிகுந்தோர் என்று மாமதி கண்டுபிடித்தது. நாளுக்கு நூறு சொல்லைத் தாண்டுவோர் அரை நாள் சாலைக்குக் கல் உடைக்க வேண்டும் என்று இரண்டாவது ஆணை வந்தது. அதன்பின் யாரும் வாய் திறக்கவில்லை. பேசாதிருப்போர் அனைவரும் ஆட்சேபம் இல்லாதோராகக் கொள்ளப்படுவர் என்று மூன்றாவது ஆணை வந்தது. அதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

நாடு அடங்கிப்போனது. டீக்கடையில் விரலைக் காட்டி டீ கேட்டார்கள். பிள்ளைகளைக் கைதட்டிக் கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டில் சாவு விழுந்தால்கூட முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள்.

நாச்சம்மை மட்டும் பேசினாள். முதல் நாள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டு, சந்தைச் சாமான்களைப் போலச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அடுத்தடுத்த நாள்களில் எண்ண மறந்தாள். அவளுக்குள் இவ்வளவு பேச்சு இருந்தது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

"ஏங்க, மேட்டுக்காட்டுல கடலை பூ வச்சிருச்சு. உங்க துண்டத் தொவைக்கல, அப்படியே வச்சிருக்கேன். சோறு எறங்கமாட்டேங்குது. நீங்க எதிர்ல உக்காந்து சும்மா இருந்தாப் போதுங்க. உங்களுக்கு அங்க இருமல் வந்தா யாரு வெந்நீர் வைப்பா? ஐயா மாமதி, நான் கேக்கிறது இந்த ஒண்ணுதான். அவர அனுப்பிரு."

நூறைத் தாண்டிய நாள்களில் சாலைக்குப் போய்க் கல் உடைத்தாள். கை கொப்புளித்தது. வீடு திரும்பியதும் செவியின் முன் உட்கார்ந்துகொண்டாள்.

முப்பதாம் நாள் அவகாசம் முடிந்தது. மறு வாரம் கொள்கை வெளியானது. வெள்ளித் தாம்பாளத்தில் வைத்த பிரதியோடு அமைச்சரே நாச்சம்மையின் வாசலுக்கு வந்தார். தெருவே கூடி நின்றது.

"அம்மா, நாடு உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. இடைவிடாது கருத்துச் சொன்ன ஒரே குடிமகள் நீங்கள்தான். கொள்கை முழுக்க உங்களை ஆதாரமாகக் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "'பொதுமக்கள் கருத்தின் சுருக்கம். கணவர் உடனிருந்தபோது பதினொரு சொற்களே பேசிய வீட்டில், பிரிவுக்குப் பின் முந்நூறு சொற்கள் பேசப்படுகின்றன. தனிப்பட்ட செய்திகள் நீக்கப்பட்டன. பிரிவு மனிதரை மலரச் செய்கிறது என்பது இதனால் உறுதியாகிறது. ஆகவே நாட்டில் பேச்சுக் குறைந்துள்ள வீடுகள் அனைத்திலும் இந்நலத்திட்டம் விரிவுபடுத்தப்படும்.'"

பேச்சுக் குறையாத வீடு எது இருந்தது அந்த நாட்டில்?

தெருமுனையில் வண்டிகள் வந்து நின்றன. பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் தன் கணவனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் வாய் திறந்தாள்.

"அக்கா, அதுகிட்ட அப்படி என்னக்கா சொன்னே?"

நாச்சம்மைக்குச் சொல்ல எல்லாம் இருந்தது. அவரை அனுப்பு என்று மட்டும்தான் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாக நகரும் வரை அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் தலைக்கு மேலே செவி பொறுமையாகக் காத்திருந்தது. பிறகு அன்றைய பதிவை எழுதி முடித்தது: நாச்சம்மை, ஆட்சேபம் இல்லை.