நாற்பத்தோராம் பக்கத்தில் கிடக்கும் தண்ணீர்

சிவமயம்

கிளிநொச்சி,
சிறுபோகம், இந்தச் சுற்றுத் தண்ணீர் திறந்த இரண்டாம் நாள்.

தர்மபுரத்தில் வாழும் என் மதிப்பிற்குரிய மாமா வீரகத்தி அவர்களுக்கு, மருமகன் ரஜிதன் பணிவோடு எழுதிக்கொள்வது. தங்களுக்கும் மாமிக்கும் எல்லாம் வல்ல பிள்ளையார் ஒரு குறையும் வைக்கமாட்டார் என்று நம்புகிறேன். இங்கே நானும் தங்கள் மகள் மேனுகாவும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். நான் பதினொரு தடவை அழைத்தேன், தாங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினேன், நீலக்கோடு இரண்டு விழுந்தது, மறுமொழி விழவில்லை. மேனுகா மூன்று நாளாக என்னோடு கதைப்பதில்லை. நேரத்துக்குச் சோறு வருகிறது, சொதி வருகிறது, சொல் வருவதில்லை. ஆகவே இன்று மாமி சந்தைக்கு வரும்போது அவாவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கோ.

முதலாவது விஷயம். விவசாயச் சங்கக் கட்டிட வாசலில் பத்துப்பேர் கேட்கத் தாங்கள் இப்படிச் சொன்னதாகக் கேள்வி: "சும்மா கிடைச்ச சாமான் வேற எப்பிடி இருக்கும்? காசு குடுத்து வாங்கின புரோகிராம் என்ர வயலுக்கு மூண்டாம் நாள் தண்ணி தந்தது. மருமோன்ர ஓசிப் புரோகிராம் ஒன்பதாம் நாளுக்குத் தள்ளிப் போட்டுது." மாமா, எட்டு வருடம் இந்தத் தொழில் செய்கிறவன் என்ற முறையில் இதற்கு நான் பதில் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. இப்போதும் இறங்குவதில்லை, அது வேறு காரணம்.

தங்களிடம் இருக்கும் லாண்ட்மாஸ்டர் உழவு மிஷினை எடுத்துக்கொள்ளுங்கோ. அது நின்றுபோனால் தாங்கள் மூடியைக் கழற்றி, ஒரு துண்டுக் கம்பியை எடுத்து, எங்கேயோ முறுக்கி, இரண்டு கெட்டவார்த்தை சொல்லி ஓடவைப்பீர்கள். நாளைக்கு ஒருவன் வந்து, "ஐயா, இந்த லாண்ட்மாஸ்டரின்ர மூடியைத் திறக்கேலாது, உள்ளுக்க என்ன கிடக்கு எண்டும் கேக்கேலாது, நிண்டுபோனால் கொழும்புக்கு ரெலிபோன் அடியுங்கோ" என்றால் அவனை வளவுக்குள் விடுவீர்களா? யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை போடும் அந்தப் பழைய புரோகிராம் அப்படி மூடி பூட்டிய சாமான். அதை எழுதிய கம்பனியைத் தவிர வேறு ஒருவரும் உள்ளே பார்க்க முடியாது. நான் எழுதியது திறந்த மூல மென்பொருள். கணினிக்குக் கொடுத்த கட்டளை ஒவ்வொன்றையும் எவரும் வாசிக்கலாம், பிழை இருந்தால் திருத்தலாம், விரும்பினால் எடுத்துக்கொண்டு போய்த் தம் ஊர்க் குளத்துக்கும் போடலாம். ஓசி என்பது அதற்குள் ஒரு சின்னச் சங்கதி. திறந்து கிடக்கிறது என்பதுதான் பெரிய சங்கதி.

எங்கள் முதலாளி தவராசா அண்ணைக்கும் இது பிடிக்காது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஒப்பீஸ் இருப்பது தங்களுக்குத் தெரியும். ஐந்து வருடமாகச் சங்கத்தின் பழைய புரோகிராமைப் பராமரித்தது நாங்கள்தான். பராமரிப்பு என்றால் காலையில் போடுவது, பின்னேரம் நிற்பாட்டுவது. அதற்கு மேல் ஒன்றைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. தவராசா அண்ணையின் கட்சி இதுதான்: "தம்பி, வாங்கின சாமான் எண்டால் ஏசுறதுக்கு ஒரு ஆள் இருக்கு. உன்ர திறந்த மூலத்தில ஆரைப் பிடிச்சு ஏசுறது?" மாமா, இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. என்னைத்தான் ஏசுவது. தர்மபுரம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

இந்தச் சுற்றுத் தண்ணீர் திறக்க மூன்று கிழமை இருக்கும்போது அந்தப் பழைய புரோகிராம் அனுமதிக்காலம் முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவித்தலைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டது. உள்ளே இருந்தது எங்கள் சனத்தின் காணி, எங்கள் சனத்தின் பெயர், எங்கள் வாய்க்கால். எடுக்க முடியவில்லை. கொழும்புக்கு அடித்தேன். ஒரு பிள்ளை மிகவும் மரியாதையாகக் கதைத்தா. புதுப்பிக்க ஒன்றரை மாதம் ஆகுமாம். "அதுக்குள்ள பயிர் செத்துப்போம், தங்கச்சி" என்றேன். அதையும் ஒரு முறைப்பாடாகப் பதிந்துகொள்வதாகச் சொன்னா. பிறகு என் மனதில் நெடுநாளாக இருந்த ஒன்றைக் கேட்டேன். நாலாம் வாய்க்காலில் வீரகத்தி என்பவருக்கு எப்போதும் மூன்றாம் நாள் முறை விழுகிறதே, என்ன கணக்கு? அதற்கு அந்தப் பிள்ளை, "அது கம்பனியின்ர தொழில் இரகசியம், அண்ணா, சொல்லேலாது" என்றா. என் மாமனாருக்கு ஏன் தண்ணீர் வருகிறது என்பது கொழும்பில் ஒருவருடைய தொழில் இரகசியம்.

ஆகவே பதினொரு நாள் குந்தியிருந்து நான் புதிதாக எழுதினேன். அந்த நேரத்தில்தான் தண்ணீர் முறை பற்றிய கூட்டம் நடந்தது. தாங்களும் முன்கதிரையில் இருந்தீர்கள். போனமுறை வாய்க்காலின் கடைசியில் கிடக்கும் கடைவயல்கள் காய்ந்தபடியால் இந்தமுறை தண்ணீர் கடைவயலில் இருந்து தொடங்கி மேலே வரவேண்டும் என்று முடிவெடுத்தார்கள், தாங்களும் கை உயர்த்தினீர்கள். நான் அந்த முடிவை அப்படியே புரோகிராமில் எழுதினேன். எழுதிப் பார்த்தால் கடைவயல்காரி கமலேஸ்வரி அக்காவுக்கு மூன்றாம் நாள், தங்களுக்கு ஒன்பதாம் நாள்.

இனி எழுதப்போவதை எழுத என் கை கூசுகிறது. அடுத்தநாள் தாங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, தேத்தண்ணி குடித்து, எழும்பும்போது ஒரே ஒரு சொல் சொன்னீர்கள். "மூண்டாம் நாள் வழமைதானே?" அவ்வளவுதான். தாங்கள் போனபிறகு மேனுகா, "அப்பா வாய்விட்டு ஒண்டும் கேக்கிற ஆள் இல்லை, கேட்டிட்டார், பாத்துச் செய்யுங்கோ" என்றா. நான் போய் ஒரு வரி சேர்த்தேன். யாருக்கு எந்த நாள் விழுந்தாலும் தங்கள் வயலுக்கு மூன்றாம் நாள், அந்த நாளுக்கு உரியவருக்குத் தங்கள் நாள். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் தொழிலில் ஒரு நல்ல பழக்கம் உண்டு, பின்னால் வருகிறவனுக்கு விளங்குவதற்காக ஒவ்வொரு கட்டளைக்கு மேலும் விளக்கக் குறிப்பு எழுதுவோம். நான் நல்ல பழக்கம் உள்ளவன். தமிழில், திருத்தமாக எழுதினேன்: "இது மாமாவின் வயல். எப்போதும் மூன்றாம் நாள். காரணம் கேட்கக்கூடாது. மேனுகா சொன்னது."

எங்கள் சங்கத்தின் சட்டம் தங்களுக்குத் தெரியும். தண்ணீர் சம்பந்தப்பட்ட எதுவாக இருந்தாலும் ஏழு நாள் அறிவித்தல் பலகையில் ஒட்டி ஆட்சேபணை கேட்கவேண்டும். செயலாளர் பிரேமிளா அக்கா முறைப்பட்டியலை ஒட்டத் தரச்சொல்லிக் கேட்டபோது, என் வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, இது திறந்த மூலம். பட்டியலை மட்டுமில்லை, புரோகிராமையே ஒட்டலாம்" என்று பெருமையடித்தேன். அவா உடனே, "அப்ப அதைத்தான் ஒட்டவேணும், சட்டம் சட்டம்தானே" என்றா. அறுபத்து மூன்று பக்கம், அந்த வரி நாற்பத்தோராம் பக்கத்தில். பலகையில் இடம் போதாமல் சுவரிலும் ஒட்டி, மிச்சத்தைக் கதவிலும் ஒட்டினார்கள். உலகத்தில் புரோகிராமை ஒருவரும் வாசிப்பதில்லை, மாமா, எழுதுகிறவனே வாசிப்பதில்லை. அந்த நம்பிக்கையில் நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம்தான் சங்கத்துக்கு யூரியாப் பசளை வந்தது. பசளைக்கு வரிசையில் நின்ற நூற்றிருபது பேருக்கு முன்னால் வாசிக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை.

இளைப்பாறிய கணித ஆசிரியர் கதிர்காமநாதன் சேர் பதினெட்டாம் பக்கத்தில் ஒரு வயலை இரண்டுமுறை எண்ணியிருக்கிறேன் என்று சிவப்புப் பேனையால் வட்டம்போட்டுப் பக்கத்தில் "கவனம் போதாது" என்று எழுதிவிட்டார். அவர் சொன்னது சரி. இணையத்திலும் போட்டிருந்தபடியால் பிரேசில் நாட்டுக்காரன் ஒருவன், முன்பின் தெரியாதவன், மாதக்கடைசியில் ஒரு நாள் பிசகுவதைத் திருத்தி அனுப்பினான். அனுப்பும்போது, "நடுவில் 'மாமா' என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன வகை விதி?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தான். நன்றி மட்டும் எழுதினேன். தங்களைப் பற்றி என்னவென்று எழுதுவது?

ஒட்டிய நாலாம் நாள் நான் சங்கத்துக்குப் போனபோது கமலேஸ்வரி அக்கா கதவடியில் நின்றா. தாங்கள் அறிவீர்கள், மலையகத்தில் இருந்து குடும்பத்தோடு வந்து கடைவயலில் குடியேறியவா, அதிகம் கதைக்காத மனுசி. விரலை ஒரு தாளில் வைத்துக்கொண்டு நின்றா. "தம்பி, இங்க வாங்க. நாப்பத்தோராம் பக்கத்துல என் தண்ணி கெடக்கு" என்றா. "என் தண்ணி எங்கன்னு போன வருசமும் கேட்டேன், அதுக்கு முந்தின வருசமும் கேட்டேன், மிஷின் அப்பிடித்தான் போடுதுன்னாங்க. நானும் மிஷினுக்கு நம்மளப் புடிக்கலன்னு நெனச்சுக்கிட்டேன். இப்பத்தான் எழுத்துல பாக்குறேன்." அவா சத்தம் போடவில்லை, மாமா. சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். கடைசியாக, "நீங்க எழுதி வச்சதே பெரிசு தம்பி" என்று என்னைப் பாராட்டிவிட்டுப் பசளை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. எனக்கு அந்த இடத்திலேயே நிலத்துக்குள் போகவேண்டும்போல இருந்தது. வெட்கமாக இருந்தது, மாமா. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே அந்த வரியை அழித்தேன். அதனால்தான் தங்கள் வயல் ஒன்பதாம் நாளுக்குப் போனது. புரோகிராம் பிழைவிடவில்லை, ஓசியும் பிழைவிடவில்லை. பிழைவிட்டது நானும், மேனுகாவும், தங்களுடைய அந்த ஒற்றைச் சொல்லும். குறைநினைக்க வேண்டாம்.

இப்போது தாங்கள் நாற்பத்தேழு கையெழுத்து வாங்கியிருப்பதாக அறிகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் பழைய புரோகிராமைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று வாக்கெடுப்பாம். அது வென்றால் தவராசா அண்ணை என்னையும் அதோடு அனுப்பிவிடுவார், சொல்லிவிட்டார். அது கிடக்கட்டும், எனக்கு வவுனியாவிலும் வேலை கிடைக்கும். ஆனால் மாமா, அந்தப் புரோகிராம் தங்களுக்கு ஏன் பிடிக்கிறது என்று எனக்குத் தெரியும். அது கதைக்காது. யாருடைய தண்ணீர் யாருக்குப் போகிறது என்று அது ஒருநாளும் ஒருவருக்கும் சொல்லாது. தாங்களும் ஒருவரிடமும் கேட்டதில்லை, அதனால் தங்கள்மேல் ஒரு பழியும் இல்லை. அது எவ்வளவு வசதி என்று எனக்குத் தெரியாதா? ஒரு கிழமை நானும் அந்த வசதியில் இருந்தவன்தானே.

தங்கள் பயிர் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்தில் நிற்கிறது. ஒன்பதாம் நாள் வரைக்கும் தாங்குமா என்று தாங்கள் வரம்பில் நின்று பார்ப்பதை மாமி சொன்னா. அதைக் கேட்டதில் இருந்து எனக்கு ஒப்பீஸில் ஒரு வேலையும் ஓடவில்லை. தாங்கள் என்மேல் கோபிக்க எல்லா உரிமையும் உண்டு. ஆனால் அந்த வரியை நான் திரும்ப எழுதமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் எழும்பி, அந்த மனுவைத் திருப்பி எடுத்தால், நாலாம் வாய்க்காலில் தலை நிமிர்ந்து நடக்கும் முதல் ஆள் தாங்கள்தான். எடுக்காவிட்டாலும் தாங்கள் என் மாமாதான். எது நடந்தாலும் எல்லார் முன்னாலும் நடக்கட்டும், ஒளிப்பு மறைப்பு வேண்டாம் என்பதே இந்தத் தொழிலில் நான் படித்தது, இந்தக் கடிதத்தின் சாரமும் அதுவே.

மாமியின் முழங்கால் நோவுக்குச் சொன்ன எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். தங்கள் இருவரின் பாதங்களுக்கும் எங்கள் வணக்கம். பிள்ளையார் துணை.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மருமகன்,
இ. ரஜிதன்

பி.கு.: கையெழுத்துப் போட்டபிறகு இதை எழுதுகிறேன். எங்கள் கலியாணத்துக்குத் தாங்கள் எழுதித் தந்த அரை ஏக்கரும் அதே வாய்க்காலில்தானே. அதற்கு முறை நாலாம் நாள், நாளையின்றைக்கு. விடிய ஐந்து மணிக்கு நான் மண்வெட்டியோடு வந்து, என்ர மடையை அடைச்சுப்போட்டு, உங்கட மடையை வெட்டி விடுறன். அரை ஏக்கர்த் தண்ணி உங்கட ரெண்டு ஏக்கருக்குக் காணாது, ஆனால் ஒன்பதாம் நாள் வரைக்கும் உயிர் பிடிக்கும். என்ர பயிரைப் பற்றிக் கேக்கவேண்டாம். இதுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நீங்கள் விரும்பின மாதிரி வாக்குப் போடுங்கோ. இது புரோகிராமில் இல்லை, ஒருநாளும் வராது. சங்கத்துக்குத் தெரியவேண்டாம், மாமிக்குத் தெரியவேண்டாம், முக்கியமாக மேனுகாவுக்குத் தெரியவேண்டாம். ஆரும் கேட்டால் நண்டு வரம்பை ஓட்டையாக்கிப் போட்டுது எண்டு சொல்லுங்கோ. வாசிச்ச கையோட இந்தக் கடிதத்தை அடுப்புக்குள்ள வைச்சுவிடுங்கோ, மாமா.