பேட்ச் நம்பர் அக்காவும் என் வெளுப்பு க்ரீமும்

மதுரையில் விற்ற அத்தனை போலி க்ரீம்களும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் பயந்தன. காளவாசல் பக்கம் நாங்கள் இருந்த லேடீஸ் ஹாஸ்டலில் அவர் என் பக்கத்துக் கட்டில். நிஜப்பெயர் வார்டனுக்கே மறந்துவிட்டது. எல்லோருக்கும் பேட்ச் நம்பர் அக்கா.

யார் எதை வாங்கி வந்தாலும் செல்போன் டார்ச்சோடு வந்து நிற்பார். அட்டைப்பெட்டியில் உள்ள பேட்ச் நம்பரும் ட்யூபின் வாலில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்பர் ஒத்துப்போனாலும் விடமாட்டார், எழுத்துப் பிழை பார்ப்பார், நகத்தால் மையைச் சுரண்டுவார். ஃபேன்ஸி ஸ்டோர்காரர் இவர் தலையைக் கண்டாலே, கடை நிறைய ஆள் நிற்கும்போதே, "இன்னைக்குக் கடை லீவுக்கா" என்பார்.

ஆனையூரில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அக்கா லிப்ஸ்டிக்கைக் கவிழ்த்துப் பார்த்து, "இத அழிச்சுவிடுங்க, நம்பரு ஒத்து வரல" என்றார்.

"முகூர்த்தத்துக்கு அரை மணி நேரந்தான் இருக்கு. நீங்க பந்திக்குப் போறீகளா, வாசலுக்குப் போறீகளா?" என்று கேட்டார் பெண்ணின் அம்மா.

அக்கா பந்திக்குத்தான் போனார். அங்கே தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார்.

என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த வாரம், ஆன்லைனில் பாதி விலைக்கு ஒரு வெளுப்பு க்ரீம் வாங்கினேன்.

"பெட்டியில ஒரு நம்பரு, ட்யூப்புல ஒரு நம்பரு. போட்றாத தங்கச்சி" என்றார் அக்கா.

அவருடைய வலது கன்னத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருந்திட்டு உண்டு. பிறவியிலேயே உள்ளது என்று நினைத்திருந்தோம். ஆறு பேர் முன்னால் நான் சொன்னேன்: "உங்க மூஞ்சிக்கு ஒரிஜினல் போட்டாலும் ஒண்ணுதான்க்கா. என் மூஞ்சிய விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. அக்கா டார்ச்சை அணைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனார்.

வீம்புக்கென்றே மூன்று நாள் பூசினேன். நான்காம் நாள் கன்னம் இட்லி மாதிரி உப்பி எரிந்தது. போர்வைக்குள் அழுதுகொண்டிருந்த என்னை, வேலைக்கு லீவு போட்டுவிட்டு, தோல் டாக்டரிடம் இழுத்துப் போனார் அக்கா.

டாக்டர் முதலில் அவரைத்தான் விசாரித்தார். "உங்க கன்னம் எப்படிம்மா இருக்கு? அந்தப் போலி க்ரீம் போட்டு அஞ்சு வருஷம் ஆச்சா?"

"ஏழு சார். அது இனிமே போகாதுன்னு நீங்கதான சொன்னீக. இவளப் பாருங்க, இவளுக்கு இப்பத்தான் ஆரம்பம்."

எனக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

அறைக்கு வந்ததும் டாக்டர் தந்த களிம்புக்கும் நம்பர் பார்த்தார். பிறகு என் கன்னத்தில் விரல் நுனியால் தடவ ஆரம்பித்தார்.

"அக்கா, அன்னைக்கு நான்..."

"வாயத் தொறக்காத. மருந்து உதட்டுல பட்டுரும்."

மூடிக்கொண்டேன். மூடிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்ததே என்று நிம்மதிகூடப் பட்டேன். அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது. பெண் பார்க்கும் சடங்கு தள்ளிப்போய் அடுத்த மாதம் நடந்தது, முகமும் தேறிவிட்டது. நான் மட்டும் அந்த வாக்கியத்தை முடிக்கவேயில்லை.

இப்போது அவர் திருவாதவூரில் இருக்கிறார். நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகை அங்கேயும் கிடைக்கும்.

அக்கா, அன்னைக்கு நான் சொன்னதுக்கு என்னை மன்னிச்சிருங்க. என் முகம் நல்லா இருக்குன்னு யார் சொன்னாலும், எனக்கு உங்க விரல்தான் ஞாபகம் வருது.