ஹார்ட்வேர் ஹாஜியாரின் மண்சுவர்

"களிமண்ண லொறியில ஏத்த வேணாம், மாமா. அதாலயே பின்னறையைக் கட்டுவம்" என்று மருமகன் நப்ரீஸ் சொன்னதும் தாஸிம் ஹாஜியார் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

தண்ணீர்த் தாங்கிக்குக் குழி தோண்டியதில் வந்த களிமண் முற்றத்தை அடைத்துக் கிடந்தது. அதை எங்கே கொட்டுவது என்பதுதான் நேற்றுவரை பிரச்சினை. ஹாஜியாரோ கொட்டாஞ்சேனையில் முப்பது வருடமாகச் சீமெந்தும் செங்கல்லும் விற்பவர்.

"ஹார்ட்வேர்காரன்ட ஊட்டுல மண்சுவரா? ஊரே சிரிக்கும்!"

"இதுல உறுதியான கல்லு வரும், மாமா. கொஞ்சம் சீமெந்தும் போட்டு, மெஷின்ல அமுக்கினாச் சரி."

நப்ரீஸ் என்ஜினியர், அவனை வாயால் வெல்ல முடியாது. மகள் ஹபீலா புருஷன் பக்கம். மனைவி பீபி மகள் பக்கம். முதலில் செய்த கற்கள் காய்ந்து வெடித்தபோது, அந்த வீட்டில் ஹாஜியார் ஒருவர்தான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

அன்று எல்லோரும் சாப்பிடும்போது நப்ரீஸ் ஹபீலாவிடம் சொன்னான். "நல்லவேளை, முத்தத்து மூலையில கெடக்கிற மணல் இதுல சேரல்ல. சேந்தாக் கல்லே புடிக்காது."

மறுநாள் பகல் அல்சர் மருந்து எடுக்கவென்று சாக்குச் சொல்லிக் கடையிலிருந்து வந்த ஹாஜியார், சாரத்தை மடித்துக் கட்டி, அந்த மணல் முழுவதையும் களிமண்ணில் கொட்டி மண்வெட்டியால் பிரட்டினார்.

மணல் சேர்ந்த அடுத்த கற்களில் ஒரு கீறல்கூட இல்லை.

"இனி வெயில்தான் வேணும். நிழலுக்குப் போனா எல்லாம் வீண்" என்றான் நப்ரீஸ்.

இருநூறு கல். ஹாஜியார் இரண்டு பகலில் அத்தனையையும் சுமந்து தாழ்வாரத்து நிழலில் அடுக்கினார். இடுப்பு பிடித்துக்கொண்டது.

"கடையில அப்புடி என்ன வேல?" என்று தைலம் தடவியபடி கேட்டாள் பீபி.

"ஸ்டொக் எடுக்கிறன்."

நிழலில் கற்கள் நிதானமாகக் காய்ந்து நன்றாக இறுகின. யார் இடம் மாற்றியது என்று வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அது ஏன் என்று யோசிக்க இடுப்பு வலி விடவில்லை.

"தண்ணி மட்டும் படக்கூடாது" என்றான் நப்ரீஸ் அடுத்தபடியாக.

மண் தண்ணீரில் கரையாமல் எங்கே போகும்? ஹாஜியார் ஏழு நாள் கற்கள் மேல் ஹோஸால் தண்ணீர் பிடித்தார். உள்ளேயிருந்த சீமெந்து தண்ணீரைக் குடித்துக் கல்லைக் கருங்கல் ஆக்கிவிட்டது. சீமெந்து நனைந்தால்தான் இறுகும் என்பது முப்பது வருடம் அதை விற்றவருக்கு ஏழாம் நாள்தான் உறைத்தது. வெட்கத்தில் அன்று கடைக்கே போகவில்லை.

சுவர் எழும்பியது. பார்க்க வந்த கடைக்காரர்கள் சிரிக்கவில்லை. தட்டிப் பார்த்து, "எங்கட ஊட்டுக்கும் இப்புடிச் செய்யலாமா, ஹாஜியார்?" என்றார்கள். பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தாலும், தோற்ற கோபம் போகவில்லை. எல்லோரும் போன பிறகு சுவரைக் கட்டிய மேசன் ஸ்ரான்லியிடம் மெல்லப் போனார்.

"உண்மையச் சொல்லு. இந்தச் சுவர் விழாதா?"

ஸ்ரான்லி கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"விழாது, ஹாஜியார். நாளைக்குப் பூச்சு வேலை, வெள்ளன வந்துடுங்க. கையாள் பிடிக்க வேணாம், சம்பளம் இல்லாம மாமாவே எல்லாம் செய்வார் எண்டு உங்கட மருமகன் முதல் நாளே சொல்லிட்டார்."