மைக்செட்டில் கேட்ட குரல் என்னுடையதுதான்

செந்துறை,
11.9.2006

மரியாதைக்குரிய சம்பந்தி சாமிதுரை அவர்களுக்கு,

காசிநாதனின் பணிவான வணக்கம். சம்பந்தி என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்து அரைமணி நேரம் யோசித்தேன். அந்த உறவு போன வியாழக்கிழமை பதினொன்றே காலுக்குத் தங்கள் வேனிலேயே ஏறிப் போய்விட்டதா, இன்னும் கொஞ்சம் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரியவில்லை. போய்விட்டது என்றால் அந்தச் சொல்லை மட்டும் "ஐயா" என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். தாங்களும் பரிமளா அம்மாவும் மாப்பிள்ளைத் தம்பி தமிழழகனும் அரும்பாவூரில் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் உடம்பளவில் நலம்.

போனில் மூன்று தடவை அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். நியாயம்தான். அன்றைக்கே போதுமான அளவு கேட்டுவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன், எழுத்துக்குச் சத்தம் கிடையாது. நிச்சயதார்த்தப் பந்தலில் மைக்செட்டில் பேசியது யார் என்று உங்கள் ஊரில் இரண்டு கட்சி இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெண் வீட்டுக்காரர் அப்படியெல்லாம் பேசுவாரா, அவரைப் போலவே குரல் மாற்றிப் பேசத் தெரிந்த எவனோ விரோதி செய்த வேலை என்று தங்கள் தம்பி எனக்காக வாதாடினாராம். அந்த நல்ல மனிதருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். ஆனால் அது நான்தான்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் இந்த ஊர் தபால் ஆபீசில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். "ஒரு ரூபாய் ஸ்டாம்பு தீந்துபோச்சு" என்று நான் சொன்னால்கூடப் பத்துப் பேர் நின்று கேட்டுவிட்டுப் போன காலம் உண்டு. ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து குழாயில் தண்ணீர் வந்துவிட்டதா என்று வீட்டில் கேட்டால்கூட யாரும் பதில் சொல்வதில்லை. இப்படி இருக்கும்போதுதான் சுனாமி வந்தது. டெலிபோன் எல்லாம் செத்துக் கிடந்த இடங்களில் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தங்கள் சொந்தக் கருவியை வைத்துச் சேதி அனுப்பினார்கள் என்று பேப்பரில் படித்தேன். அரசாங்கம் வைக்கும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால் யாரும் வீட்டிலிருந்தபடியே வானொலியில் பேசலாமாம். பரீட்சையில் தந்தி அடிக்கத் தெரிய வேண்டுமாம். எனக்கு அது தூக்கத்தில்கூட வரும். மெட்ராஸ் போய் எழுதினேன், பாஸ் செய்தேன், ஒரு வருடம் கழித்து லைசென்ஸ் வந்தது. என் மனைவி அம்சவள்ளி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ரேஷன்ல ஏதாச்சும் தருவாங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என் பட்டாபிஷேகம்.

லைசென்ஸ் வந்தால் போதுமா, பேசுவதற்குக் கருவி வேண்டாமா? பேசவும் கேட்கவும் ஒரே பெட்டியாக இருப்பதற்கு ட்ரான்ஸீவர் என்று பெயர். அரியலூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் தர்மனும் இந்த லைசென்ஸ்காரர்தான். அவரிடம் போய், பென்ஷன்காரனுக்குத் தகுந்த மாதிரி ஒன்று சொல்லுங்கள் என்றேன். முதலில் கைக்குள் அடங்குகிற வாக்கி டாக்கி ஒன்றைக் கொடுத்து, ஒரு வாரம் வைத்துப் பாருங்கள் என்றார். மொட்டை மாடியில் ஏறி நின்று பேசினேன், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றும் பேசினேன். என் குரல் பொன்பரப்பியைத் தாண்டவில்லை. பொன்பரப்பியில் என் மச்சினன் ஒருவன்தான் இருக்கிறான், அவனிடம் பேசுவதற்கு லைசென்ஸ் எதற்கு? அடுத்ததாக, திருச்சியில் ஒரு பெரியவர் விற்க வைத்திருந்த ஜப்பான் செட்டைப் பார்க்கப் போனோம். எஸ்.எஸ்.பி. என்கிற உயர்ந்த ரகம். அதன் குமிழைத் திருகினால் வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி சுற்றுகிறது. செகண்ட் ஹாண்ட் செட்டுக்கே ஒரு புது மொபெட்டின் விலை சொன்னார். நான் அதை ஒருமுறை தடவிக் கொடுத்துவிட்டு, காபி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். மூன்றாவதாக மிஞ்சியது தர்மனே கையால் செய்து, பிஸ்கட் டின்னுக்குள் அடக்கி வைத்திருந்த செட்டு. ஏ.எம். என்கிற பழைய ரகம். விலை ஜப்பான்காரனில் கால்வாசிகூட இல்லை. தர்மன் அப்போதே எச்சரித்தார். "சார், இது பேச்சைப் பச்சையா அனுப்பும். பக்கத்துல டிவி, ஸ்பீக்கர் எது இருந்தாலும் அதுல பூந்துடும். பொறுத்திருந்து எஸ்.எஸ்.பி. வாங்கிக்கலாம்" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. அந்தக் கால்வாசிப் பணமும் என் கையில் இல்லை.

இனி எழுதப் போவதுதான் உண்மையான குற்றம். அந்தச் சமயத்தில்தான் நம் பிள்ளைகள் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு நல்ல வாட்ச் போடுகிறோம் என்று நான்தான் வாய் நிறையச் சொன்னேன், தாங்கள் கேட்கவில்லை. அம்சவள்ளி சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தை என் கையில் கொடுத்துத் திருச்சிக்கு அனுப்பினாள். நான் பெரிய கடை வாசல் வரைக்கும் போனேன். கண்ணாடிக் கதவில் என் முகம் தெரிந்தது. திரும்பி, பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில், பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும் ஒன்றை வாங்கினேன். ரிப்பேர் கடைக்காரர் ஒருவரிடம் காலியாகக் கிடந்த நல்ல கம்பெனிப் பெட்டியைக் கேட்டு வாங்கி அதற்குள் வைத்தேன். மிச்சப் பணத்தோடு நேரே அரியலூர் பஸ் ஏறிவிட்டேன். முப்பத்தாறு வருடம் அரசாங்கக் கல்லாவில் ஒரு பைசா குறைந்ததில்லை என்று தங்களிடமே பெருமை பேசியவன்தான் நான்.

ஏரியலுக்காக அறுபத்தாறு அடிக் கம்பியை வேப்பமரத்துக்கும் தென்னைக்கும் நடுவில் இழுத்துக் கட்டினேன். அம்சவள்ளி அதில் துணி காயப்போட்டாள். தினமும் காலை பதினொரு மணிக்கு நானும் தர்மனும் பேசுவது வழக்கமானது. நாலாம் நாளே எதிர்வீட்டு டிவியில் கோடு கோடாக வருகிறது என்று சொன்னார்கள், கேபிள்காரன் மேல் பழி போட்டேன். தர்மன் மட்டுமில்லை, ஒருநாள் மதுரையிலிருந்து யாரோ ஒருவர் லைசென்ஸில் எனக்குக் கொடுத்த அழைப்புக்குறியைச் சொல்லி, "சார், உங்க குரல் கணீர்னு கேக்குது" என்றார். சம்பந்தி, அன்றைக்கு எனக்கு இரண்டு வேளை பசிக்கவில்லை.

வியாழக்கிழமை தாங்கள் எல்லாரும் வந்து இறங்கி, கேசரி, காபி ஆகி, எங்கள் வீட்டுப் பெண்கள் சீர்த்தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மணி பதினொன்று. தர்மன் காத்திருப்பாரே, ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று செட்டு இருந்த நெல்மூட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காதில் ஹெட்போனை மாட்டினேன். வெளியே மைக்செட்காரன் அமாவாசை ஸ்பீக்கர் ஒயரை என் கம்பிக்கு நேர் கீழேயே இழுத்துக் கட்டியிருந்தது எனக்குத் தெரியாது. நிச்சய ஓலை வாசிப்பதற்காக அவன் நாதஸ்வரக் கேசட்டை நிறுத்தினான். ஊரே அமைதியாக இருந்த அந்த நேரத்தில் நான் தொடங்கினேன். "ஹலோ தர்மன், நல்லா கேக்குதா? ஓவர்" என்றதை மைக் டெஸ்ட் என்று நினைத்தார்களாம். தர்மன் சொன்ன பதில் என் காதுக்கு மட்டும்தான் வந்தது. பந்தலுக்குப் போனதெல்லாம் என் பங்கு மட்டும்.

"வூட்டுல விசேஷம்ப்பா. மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்க. சம்பந்தி எறங்குனதுலேர்ந்து எட்டு ஏக்கர் கரும்பப் பத்தியே பேசுறாரு. அந்த ஊரு போஸ்ட்மேன் நமக்கு வேண்டியவரு, மூணு ஏக்கர்தான்னு சொன்னாரு. ஓவர்."

ஓவர் என்றால் இனி அவர் முறை. நான் தர்மன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். குரல் எங்கிருந்து வருகிறது என்று பந்தலில் யாருக்கும் பிடிபடவில்லையாம். அந்த அரை நிமிடம் எல்லாரும் ஸ்பீக்கரையே அண்ணாந்து பார்த்தார்களாம், அடுத்து என்ன வரப்போகிறது என்று.

"பையன் நல்ல பையன்தான். ஆனா எதக் கேட்டாலும் அப்பா மொகத்தப் பாக்குறான். தண்ணி வேணுமா தம்பின்னு கேட்டேன், அதுக்கும் திரும்பி அவரப் பாக்குறான். ஓவர்."

அதோடு நிறுத்தியிருந்தால்கூடக் காலில் விழுந்து சரிக்கட்டியிருக்கலாம். தர்மன், மாப்பிள்ளைக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டுத் தொலைத்தார்.

"வாட்சு. அத ஏன் கேக்குற. பெட்டிதான் அசலு, உள்ள இருக்குறது டூப்ளிகேட்டு. அதுல மிச்சம் புடிச்சுத்தான ஒன்கிட்ட இந்த செட்டையே வாங்குனேன். அம்சவள்ளிக்குத் தெரிஞ்சா என்னய உசுரோட விடமாட்டா. ஓவர்."

அப்போது சரியாக என் மச்சினன் மாப்பிள்ளைத் தம்பியின் கையில் அந்த வாட்சைக் கட்டிக்கொண்டிருந்தானாம். பிள்ளை அதைக் கழற்றிவிட்டு, எங்கே வைப்பது என்று கேட்பதற்குத் தங்கள் முகத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். இது எதுவும் தெரியாமல் நான் செட்டை அணைத்துவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு பந்தலுக்கு வந்தேன். "என்ன, ஓலை வாசிச்சாச்சா?" என்றேன்.

அமாவாசைதான் பதில் சொன்னான். "அய்யா, எல்லாத்தையும் நீங்களே வாசிச்சுட்டீங்க."

தாங்கள் எழுந்து, "ஏறுங்கப்பா வேன்ல" என்றீர்கள். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, எல்லாரும் கேட்க என்னிடம் சொன்னீர்கள்: "மூணு ஏக்கர் இல்லீங்க. நாலரை." அந்த நாலரையை நினைத்தால்தான் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கொஞ்சம் கூட்டிப் பேசிய ஒரு மனிதரை ஊர் நடுவில் நிறுத்திக் கணக்கு ஒப்பிக்க வைத்துவிட்டேன். நானும் அதே பந்தலில் காலையிலிருந்து எத்தனை கூட்டிப் பேசினேன் என்று எனக்குத்தானே தெரியும்.

அம்சவள்ளி அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. சாப்பாடு தயார் என்பதைத் தட்டு வைக்கிற சத்தத்தில் தெரிவிக்கிறாள். தந்தி படித்தவன் என்பதால் அந்தச் சத்தத்தில் இருக்கிற சேதி முழுவதும் எனக்கு விளங்குகிறது. செட்டைத் தர்மனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர், "எஸ்.எஸ்.பி. வாங்கியிருந்தா ஸ்பீக்கர்ல சளி புடிச்ச வாத்து கத்துற மாதிரிதான் சார் இருந்திருக்கும், ஒருத்தருக்கும் ஒண்ணும் புரிஞ்சிருக்காது" என்று வருத்தப்பட்டார். புத்தி சொல்லும் நிலையில் நான் இல்லாததால் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வந்த பணத்தோடு கொஞ்சம் கடன் வாங்கிச் சேர்த்து, இந்தத் தடவை அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், உண்மையான வாட்சை ரசீதோடு வாங்கி வைத்திருக்கிறேன். புரட்டாசி கழிந்து ஐப்பசியில் ஒரு நல்ல நாள் பாருங்கள். தாங்கள் குடும்பத்தோடு திரும்ப வர வேண்டும். அதே பந்தலில், அதே அமாவாசையின் மைக்கைக் கையில் பிடித்து, நேராகவே தங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என் புத்தி கெட்டதற்கு என் பெண் என்ன செய்வாள்? அவள் வாழ்க்கையை எண்ணியாவது மனமிரங்க வேண்டும்.

தங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம். தம்பி தமிழழகனுக்கு என் ஆசி, வாங்கிக்கொள்ள மனமிருந்தால்.

தலைகுனிந்து நிற்கும்,
கா. காசிநாதன்

பின்குறிப்பு: கடிதத்தில் பிழை இருந்தால் பார்த்துச் சொல் என்று பெண் ஆர்த்தியிடம் கொடுத்தேன். அவள் முழுவதும் படித்தாள். ஒரு ஒற்று விட்டுப் போனதைப் போட்டாள். பிறகு, "மன்னிப்பு கேக்க வேண்டியதுதாம்ப்பா. திரும்ப வாங்கன்னு யாரக் கேட்டு எழுதுனீங்க?" என்றாள்.

"ஒன்னையக் கேட்டுத்தானம்மா எல்லாம் பண்ணுனோம். அவங்க பொண்ணு பாக்க வந்தன்னிக்குத் தலையாட்டுனியே?"

"அம்மா எங் கையில காபித் தட்டக் குடுத்துட்டுப் புடிச்சிருக்கான்னு கேட்டாங்க. தட்டுல ஏழு தம்ளர். சிந்தாம நடக்குறதுக்குக் கீழ பாத்தேன். அதத் தலையாட்டுனதா வச்சுக்கிட்டீங்க."

அவளே தொடர்ந்தாள். வியாழக்கிழமை என் முதல் "ஹலோ" கேட்டதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். நெல்மூட்டை அறைக் கதவுக்கு வெளியேதான் பட்டுப்புடவையோடு நின்றிருந்தாளாம். ஒரு தட்டுத் தட்டியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன். தட்டவில்லை. "ஏம்மா?" என்றேன். "அவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லப்பா. நான் பெரம்பலூர்ல பி.எட். சேரணும். ஒரு மாசமா ஒங்க ரெண்டு பேர்ட்டயும் சொல்ல வந்து சொல்ல வந்து திரும்பிப் போனேன். நீங்க பேசப் பேச, அவங்களே எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு தோணிச்சு. நின்னுட்டேன்" என்றாள். கடைசியில் அழுதாள். அது தாங்கள் கேட்க வேண்டியதில்லை.

ஆகையால், மேலே எழுதியதில் மன்னிப்பை மட்டும் தாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசியில் வரச்சொல்லிக் கேட்டதை, நாலு நாளில் இரண்டாம் முறையாக வெட்கப்பட்டு, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கடிதத்தை மாற்றி எழுதலாம்தான். தாள் தீர்ந்துவிட்டது, தவிர, என் பேச்சில் பாதி மட்டும் தங்களுக்கு வந்து சேருவது இனிமேலும் வேண்டாம்.

அம்சவள்ளிக்கு இது எதுவும் இன்னும் தெரியாது. அடுப்படியில் இருக்கிறாள். உறையை ஒட்டிவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. "தனியாப் போவாதீங்க, நானும் வரேன்" என்று ஆர்த்தி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நிற்கிறாள்.