மூடுபனியோடு வந்த அலை

கப்சிப் சாரை விட்டால் நீலகிரி முழுவதையும் ஒரே சுவிட்சில் அணைத்துவிடுவார். ஊட்டிக்கு வெளியே மலைச்சரிவில் இருந்த எங்கள் ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் அவர் இன்ஜினீயர்; கப்சிப் நாங்கள் வைத்த பட்டப்பெயர். வானத்திலிருந்து வரும் அலை கொசுவின் மூச்சைவிட மெலிசு. பக்கத்தில் ஒரு மிக்ஸி ஓடினாலும் போச்சு. அடுத்த ஊர்க் கல்யாணத்துக்குப் போய் சீரியல் பல்பை அணைக்கச் சொன்னார்; மாப்பிள்ளை வீட்டார் துரத்தினார்கள். ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரியிடம், "ஏனுங்க, உங்க காது மெஷின் சத்தம் போடுதுங்க. கொஞ்ச நேரம் செவிடா இருந்துக்குங்க" என்றார்.

என்னை மட்டும் அவர் சோதித்ததில்லை. பக்கத்து நாற்காலி, பல வருஷ சிநேகிதம்.

அவர் ஓய்வு பெறும் சமயத்தில்தான் எங்கோ இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதி ஒன்றாயின. காமா கதிர் உடனே வந்தது. ஒளி அன்றே தெரிந்து, சில நாளில் மங்கியது. ரேடியோ அலை மட்டும் வரவில்லை.

"செத்த நட்சத்திரங்களுங்க. எழவு ஊட்டுக்குத் தூரத்துச் சொந்தம் கடைசியா வர்ற மாதிரி ரேடியோ வரும். நான் போறதுக்குள்ள வரணும்" என்று திரையைவிட்டு நகரமாட்டார்.

ஒரு மத்தியானம் மூடுபனி இறங்கியது. திரையில் கோடு மெல்லத் தலைதூக்கியது. பனி விலகியதும் படுத்துக்கொண்டது. மறுநாளும் அப்படியே. கோடி வருஷம் பயணம் செய்து வந்த ஏதோ ஒன்று, ஜன்னலுக்கு வெளியே பனிக்காகக் காத்து நிற்பதுபோல் இருந்தது. கேன்டீன்காரர் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டார்.

"வந்துட்டாங்க" என்றார் கப்சிப், கிசுகிசுப்பாக. மற்ற நிலையங்களுக்கெல்லாம் செய்தி அனுப்பிவிட்டார்.

அடுத்த நாள் பனி இறங்கியதும் காலால் ஒரு சுவிட்சைத் தட்டினேன். கோடு எழுந்தது. முட்டிவலிக்காக அந்த வாரம்தான் மேசைக்கடியில் ஒளித்து வைத்து, பனி இறங்கும்போதெல்லாம் நான் போட்டுக்கொண்டிருந்த பழைய ஹீட்டர்!

நான் வாயைத் திறக்கவில்லை. வேறு எந்த நிலையத்திலும் ஒன்றும் தெரியவில்லை. "சார் பேயைப் பிடிச்சுட்டாரு" என்று எல்லோரும் சிரித்தார்கள். "என் தப்புத்தானுங்க" என்று அவரும் சிரித்துவிட்டு ஓய்வு பெற்றுப் போனார். நிஜ அலை பிறகு வேறு நாட்டுத் தொலைநோக்கிக்குக் கிடைத்தது. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

போன மாதம் ஊட்டி காந்தலில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். "அது என் ஹீட்டருங்க."

"தெரியுமுங்க. எல்லாரும் சிரிச்ச அன்னிக்கே குனிஞ்சு பாத்துட்டேன்."

"ஏன் சொல்லலைங்க?"

"நான் போறவன். நீங்க இன்னும் அங்க உக்காரணுமுங்களே" என்றவர், உள்ளே போய் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து என் முட்டிகளைப் போர்த்திவிட்டார்.