டிஓஐ அண்ணையும் யூலை முதலாம் திகதியும்

மொன்றியலில் டிஓஐ அண்ணை அளவுக்கு இன்டர்நெட் லிங்கை வெறுத்த மனிதர் வேறு யாரும் இல்லை. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் மாணவர்கள் நாங்கள் மூன்று பேர் ஒரே அபார்ட்மென்டில் இருந்தோம். அவர்தான் மூத்தவர், திருகோணமலைக்காரர், முனைவர் பட்டத்துக்குப் படித்தார், படித்துக்கொண்டே இருந்தார். ஆய்வுக் கட்டுரைகளுக்கு டிஓஐ என்று மாறாத எண் ஒன்று கொடுப்பார்கள். அதன்மேல் அவருக்கு இருந்த பக்தியில் அவருடைய சொந்தப் பெயரே எங்களுக்கு மறந்துபோனது.

வாட்ஸ்அப்பில் யாராவது கறிவேப்பிலை வைத்தியம் அனுப்பினால், "டிஓஐ இருக்கோ?" என்று பதில் போடுவார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் மாமா, "ஆராய்ச்சியில கண்டுபிடிச்சிருக்கினம்..." என்று பேச்சைத் தொடங்க, இவர் இலக்கம் கேட்க எழும்பிவிட்டார். சட்டையைப் பிடித்து இருத்தினோம்.

என் ஆய்வேட்டில் வெறும் லிங்குகளைக் கண்ட அன்று ரைஸ் குக்கரைத் தூக்கித் தன் அறைக்குள் வைத்துக்கொண்டார்.

"நம்பரைப் போட்டிட்டு வந்து சாப்பிடு."

"லிங்க் வேலை செய்யுதுதானே அண்ணை?"

"யூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறுற இடத்தில இருந்துகொண்டு விலாசத்தை நம்புறியோ? கட்டுரையும் வீடு மாறும். நம்பர் மாறாது. புது விலாசத்தை அந்த நம்பருக்குப் பின்னால ஆரோ எழுதி வைப்பினம்."

பசி பொறுக்கவில்லை. போட்டேன்.

பிறகு ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. "உங்கள் ஆய்வே இந்த ஒரு கட்டுரையில்தான் நிற்கிறது. அது வெளிவந்த இதழின் தளத்தில் தேடினேன், தளமே இல்லை. இது உண்மையான கட்டுரையா, ஏஐ எழுதித் தந்ததா?" என்று கேட்டார் பேராசிரியர். பட்டம் போனால் விசாவும் போகும். டிஓஐ எண்ணைக் காட்டினேன். அவர் கணினியில் தட்டினார். இதழ் வேறொரு பதிப்பகத்துக்குக் குடிபோயிருந்தது, கட்டுரை அங்கே பத்திரமாகத் திறந்தது. பிரெஞ்சில் "நல்லது" என்றுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அண்ணை, "சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த யூலையில் அவர் கலியாணம் கட்டிக் புறநகரான கர்க்லாண்டுக்குப் போய்விட்டார். நான் இன்னும் வாடகை வீடு விட்டு வாடகை வீடு மாறிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு யூலை முதலாம் திகதியும் லொறியிலிருந்து கட்டிலை இறக்க முதலே போன் வந்துவிடும்.

"இப்ப எங்க இருக்கிறாய்? விலாசத்தைச் சொல்லு, எழுதி வைக்கவேணும்."

கட்டிலைப் பாதிப் படியில் வைத்துவிட்டுச் சொல்வேன். அந்த மனிதர் இருக்கும்வரை இந்த ஊரில் நான் தொலைந்துபோக மாட்டேன்.