இரட்டை மணிக்கூட்டார் பிடித்த பொய்

எனக்கு வயது எழுபது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரில் ஒருவரும் என் பொய்யைப் பிடித்ததில்லை. இந்த ரொறன்ரோ முழுவதிலும் அதைப் பிடித்தவர் ஒரேயொரு ஆள்தான், இரட்டை மணிக்கூட்டார்.

சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. பிக்கரிங்கிலிருந்து ரயிலேறி வருவார். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் இடத்தில் கதவுக்கு நேரே இருக்கும் கதிரை அவருடையது. இடது கையில் இரண்டு மணிக்கூடு. ஒன்று பிழையான நேரம் காட்டினால் மற்றது சாட்சி சொல்லுமாம்.

எனக்கு இரத்தத்தில் வந்த நோய்க்குக் கடைசி மகளின் ஸ்டெம் செல் ஏற்றியிருந்தார்கள். அது என் உடம்போடு சண்டை பிடிக்காமல் இருக்கத்தான் குளிசை. மருந்து குறைந்தால் சண்டை, கூடினால் கிட்னிக்குக் கேடு. அதனால் திங்கள்தோறும் இரத்தத்தில் மருந்தின் அளவு பார்ப்பார்கள். இரத்தம் கொடுத்த பிறகுதான் காலைக் குளிசை; முதலே விழுங்கினால் அளவு கூடிக் காட்டும்.

“அக்கா, குளிசை வாயிலையோ, பையிலையோ?” இதுதான் அவருடைய வணக்கம்.

ஒருநாள் ஒரு பெரியவர் மறதியில் விழுங்கிவிட்டு வந்துவிட்டார். இவர் கதவை மறித்து நின்றார். “திரும்பிப் போங்கோ அண்ணை! உங்கட ரத்தம் இண்டைக்குப் பொய் சொல்லும்.” தாதி வந்து கெஞ்சித்தான் வழி விட்டார்.

கந்தசஷ்டி வந்தது. பிழைத்துக் கிடக்கிறேனே என்ற நன்றியில் விரதம் பிடித்தேன். பகலில் பச்சைத்தண்ணியும் படாத வாயில் குளிசை எப்படிப் போடுவது? மூன்று நாள் காலைக் குளிசையை விட்டேன்.

அந்தத் திங்கள் அளவு விழுந்துபோயிருந்தது. “ஒண்டும் விடேல்லையோ?” என்று டொக்டர் கேட்டதைப் பேத்தி ஆரணி தமிழில் சொன்னாள். “நானோ? ஒண்டும் விடேல்லை” என்றேன். டொக்டர் மருந்தைக் கூட்டி எழுதினார்.

வெளியே வந்ததும், ஆரணி கையிலிருந்த புது மருந்துச் சீட்டைப் பார்த்தபடி மணிக்கூட்டார் எழும்பினார். “நேற்றுக் காலமை எத்தினை மணிக்குப் போட்டனீங்கள்?”

“எட்டு.”

“யோசிக்காமல் சொல்லுறியள். போட்ட ஆக்கள் கொஞ்சம் யோசிப்பினம். இண்டைக்குச் சஷ்டி நாலாம் நாள், என்ன?”

“என்னைப் பொய்க்காரி எண்டுறீரோ?”

“விரதம் முடிஞ்சாப் பிறகு கூட்டின குளிசையையும் சேர்த்து விழுங்குவியள். கிட்னி போகும். முருகன் மயிலிலை வந்து ஊசி போடமாட்டார், அக்கா.”

ஆரணி என்னைப் பார்த்தாள். திரும்பிப் போய் டொக்டரின் கதவைத் தட்டி, உண்மையைச் சொன்னேன். டொக்டர் கூட்டியதை வெட்டிவிட்டார். அன்றைக்கே விரதத்தை நிறுத்திக் குளிசையைப் போட்டேன். அடுத்த கிழமை அளவு சரியாக வந்தது.

மணிக்கூட்டாருக்கு நன்றி சொல்லப் போனபோது தாதி சிரித்தாள். அவருக்குக் குளிசை நிறுத்தி இரண்டு வருஷமாம். இங்கே அவருக்கு ஒரு சோதனையும் இல்லையாம்.

“அப்ப ஏன் தம்பி வாறீர்?”

“வீட்டிலை ஆரும் குளிசை போடுறேல்லை, அக்கா. ஆரை நான் கேக்கிறது?”

இப்போது எனக்கும் மருந்தைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். தை மாதத்தோடு நிறுத்திவிடுவார்களாம். நிறுத்தினாலும் திங்கட்கிழமைகளில் போவேன். அவரை ஆராவது ‘சாப்பிட்டனீரோ’ என்று கேட்க வேண்டாமா?

ஆரணி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது போதும். ஒருக்கா வாசி பிள்ளை. அந்த மனுசனைக் குறைச்சுச் சொல்லிப்போட்டனோ எண்டு பாப்பம்.